கை வந்துவிட்டது, கவனம் வந்ததா?

பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. பிசியோதெரபியின் பலனாகக் கோல் இல்லாமல் நடக்கிறார். பார்க்க வந்தவர்களிடம் 'இப்போ நல்லா இருக்கார்' என்கிறார்கள் வீட்டில். அதே மனிதர் காலை மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்கிறார். கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் திணறுகிறார். தட்டின் வலப்பக்கச் சோறு தீர்ந்திருக்க, இடப்பக்கம் அப்படியே கிடக்கிறது. 'வயசாயிடுச்சு' என்று இதைத் தள்ளிவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. கை காலை முடக்கிய அதே அடைப்பு, கவனத்தையும் நினைவையும் திட்டமிடும் திறனையும் தொட்டிருக்கலாம். ஸ்கேன் காயத்தைக் காட்டும். அன்றாட வேலையில் என்ன இடறுகிறது என்பதை உட்கார்ந்து கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பத்து நிமிடச் சோதனை

1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்னும் 30 மதிப்பெண் சோதனை உலகெங்கும் பரவியது. தேதி, இடம், மூன்று சொற்களின் நினைவு என்று அது கேட்கும். ஆனால் பக்கவாதத்தில் அதிகம் அடிபடும் திட்டமிடலையும் சிந்தனை வேகத்தையும் அது சரியாகத் தொடுவதில்லை. அதில் 28 வாங்கியவரும் வீட்டுக் கணக்கில் தடுமாறலாம்.

கனடாவின் மாண்ட்ரியலில் ஜியாத் நஸ்ரதீன் உருவாக்கி 2005-இல் வெளியான 'மோக்கா' சோதனை இங்கே கைகொடுக்கிறது. தமிழிலும் உண்டு. இதற்கும் 30 மதிப்பெண். 26-க்குக் குறைந்தால் மேலும் பார்க்க வேண்டும். கடிகாரம் வரைந்து, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வார்கள். எளிது போலத் தோன்றும். பெரிய முள் நிற்க வேண்டியது 2-இல். ஆனால் 'பத்து' என்ற சொல்லில் சிக்கிக்கொள்பவர் முள்ளை 10-க்கே கொண்டுபோய்விடுவார். மனத்தின் கடிவாளம் எங்கே தளர்ந்திருக்கிறது என்பதை இந்த ஒரு முள் சொல்லிவிடும்.

பேச்சு வராதவருக்கு?

மூளையின் இடப்பக்கம் பாதித்துப் பேச்சு குழறியவர், விடை தெரிந்தும் மதிப்பெண் இழப்பார். பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டியிடம் கனசதுரம் வரையச் சொன்னால் என்ன ஆகும்? 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு மோக்கா ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. அது போதாது என்பது என் கருத்து. எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

பக்கவாத நோயாளிகளுக்கென்றே 2015-இல் வெளியானது ஆக்ஸ்ஃபோர்டு சோதனை. பல கேள்விகளுக்கு விரலால் சுட்டினாலே போதும். தாள் நிறைய இதயப் படங்கள் இருக்கும். முழுமையானவற்றை மட்டும் அடிக்க வேண்டும். மூளையின் வலப்பக்கம் பாதித்தவர் தாளின் இடப்பாதியைத் தொடாமலே விட்டுவிடக்கூடும். கண்ணில் கோளாறு இருக்காது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் பதியாது. தட்டில் மிஞ்சிய சோற்றுக்கும் இதுதான் காரணம். இவர் வண்டி ஓட்டினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

போகும் முன்

குறைந்த மதிப்பெண் என்றால் மறதி நோய் என்று அர்த்தமில்லை. முதல் நாட்களின் குழப்பம், தூக்கமின்மை, பக்கவாதத்துக்குப் பின் பலரையும் பிடிக்கும் மனச்சோர்வு எல்லாமே எண்ணைக் குறைக்கும். அதனால் சில மாதங்கள் கழித்து மறுபடியும் செய்துபார்க்க வேண்டும், பலர் தேறியிருப்பார்கள். மூக்குக்கண்ணாடியையும் காது கருவியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். வீட்டில் கவனித்த மாற்றங்களைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது, 'ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கலாமா, டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள்.