மூச்சின் கணக்கு

விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்தை அடுத்துள்ளது செட்டியார்பட்டி என்னும் பேரூர். நூலும் துணியும் இவ்வட்டாரத்தின் பெருந்தொழில்கள். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராசபாளையத்தில் நூற்பாலை ஒன்றை நிறுவினார். பின்னர் ஆலைகள் பல எழுந்து பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தன.

நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் பகுதிகளில் நுண்ணிய தூசு எழும். அதனைப் பல்லாண்டுகள் உள்ளிழுப்போரைப் பஞ்சுத்தூசு நோய் பற்றக்கூடும். அந்நோயின் இயல்பு வியப்புக்குரியது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்; மூச்சுத் திணறும். தொடக்கநிலையில், அடுத்த நாட்களில் அத்துன்பம் தணிந்துவிடும். ஆதலின் தொழிலாளர் அதனைப் பொருட்படுத்தார்.

கண் காணாத இதனைக் கணக்குக் காட்டும். முதல் நாளில் வேலைக்கு முன்னும் பின்னும், ஒருவர் ஒரு நொடியில் ஊதி வெளியிடும் மூச்சின் அளவைக் கருவியால் அளப்பர். அவ்வளவுகளை நாள்வாரியாகவும் பகுதிவாரியாகவும் தொகுத்தால், தீங்கு எங்கே பிறக்கிறது என்பது புலப்படும். இத்தகைய கணக்குகளைக் கோடுகளாகவும் வண்ணங்களாகவும் கணினித் திரையில் காட்டுவதே இக்காலத் 'டாஷ்போர்டு' என்னும் தகவல் பலகையாகும்.

இம்முறையின் வேர் பழமையானது. கிரிமியப் போரில் தொண்டாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், வீரர்களின் இறப்புக் கணக்கை 1858இல் வண்ணப்படமாக வெளியிட்டார். போர்க்காயத்தால் இறந்தோரினும் தடுக்கத்தக்க நோய்களால் இறந்தோரே மிகப் பலர் என்பதை அப்படம் தெளிவாக்கிற்று.

எனினும், கணக்கும் சிலபோது ஏமாற்றும். நோயுற்றவர் வேலையை விட்டு நீங்கினால் அவர் பெயர் ஏட்டினின்று மறையும். எஞ்சியோர் நலமுடையோராதலின் பலகையும் நலமே காட்டும்! வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர் இருமலையும் மறைப்பார். ஆகவே, நீங்கியோரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஒருவரது நோய் மருத்துவர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாவண்ணம் காத்தலும் வேண்டும்.

நோயின் காரணத்தை அறிந்து அதனை நீக்குக என்பது வள்ளுவர் காட்டிய நெறி. தூசை அது பிறக்குமிடத்தருகிலேயே உறிஞ்சி அகற்றுமாறு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் விதித்தது. பலகை நோயைக் காட்டுமேயன்றித் தீர்க்காது. அது காட்டியதைக் கண்டு தூசை அகற்றுவோர் இருப்பின், தொழிலாளர் மூச்சு நிலைபெறும், தொழிலும் தழைக்கும்.