கம்பளத்தின் மறுபுறம்

நெசவறிந்தவர் துணியின் முகத்தை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. புரட்டிப் பார்த்தே பேசுவர். ஆப்கானிஸ்தானத்து இரத்தினக் கம்பளங்களை வாங்குவோர்க்கும் இதுவே முதற்பாடமாகும்.

அந்நாட்டின் வடக்கே அந்தகோய், அக்சா, குந்தூஸ் முதலிய ஊர்களில் துருக்மேனியரும், மேற்கே ஹேராத் வட்டாரத்தில் பலூச்சியரும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். தறியில் அமர்வோர் பெரும்பாலும் பெண்களே. பாவில் இரண்டிரண்டு இழைகளைப் பற்றிக் கம்பளி நூலால் முடிச்சிட்டு, நுனியைக் கத்தியால் அறுப்பர். வரிசை நிரம்பியதும் ஊடை செலுத்தி, சீப்புப் போன்ற கருவியால் அடித்து இறுக்குவர். அறுபட்ட நுனிகளே கம்பளத்தின் மெத்தென்ற முகமாகும். நமது பவானி ஜமக்காளத்திலோ ஊடையே முகம், முடிச்சென்பது இல்லை.

இதிலடங்கிய உழைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கம்பளத்தின் பரப்பு 3,456 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு எனில், மொத்தம் 3,45,600 முடிச்சுகள். நாளொன்றுக்கு 6,000 முடிச்சு இடும் கைகள் ஏறக்குறைய 58 நாட்கள் ஓயாது உழைத்தாக வேண்டும். போலிச் சரக்கைக் கைவேலை என நம்பி வாங்குவோர், இவ்வுழைப்புக்குரிய கிரயத்தை உழையாதவரிடம் கொடுக்கின்றனர்.

ஆதலின் மறுபுறத்தைக் காண்க. கைமுடிச்சாயின், முகத்திலுள்ள உருவம் அங்கும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும். பின்புறத்தில் துணி ஒட்டி மூடியிருந்தால், அது பெரும்பாலும் நூலைக் கருவியால் குத்திப் பசையால் நிறுத்திய சரக்கே. முகத்தை விரலால் விலக்கிப் பார்த்தால், உண்மைக் கம்பளத்தின் அடியில் முடிச்சு தென்படும். குஞ்சம் பாவிழைகளின் நீட்சியாக இருத்தல் வேண்டும். தைத்து இணைத்ததாயின், காரணத்தை விசாரித்தல் நன்று. பழுது பார்த்த பழைய கம்பளங்களிலும் அவ்வாறு இருப்பதுண்டு.

ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என அறியலாம். உதிர்ந்த இழை ஒன்றைக் கொளுத்தினால், கம்பளி மயிர் கருகும் நாற்றம் வீசிப் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும். சிவப்பு நிறம் பட்டை பட்டையாகச் சற்றே மாறியிருப்பது குற்றமன்று. வெவ்வேறு முறை தோய்த்த நூலின் அடையாளம் அது. 'யானைக்கால்' எனப்படும் எண்கோண உருவத்தையோ, 'புகாரா' என்னும் சந்தைப் பெயரையோ மட்டும் நம்பலாகாது. உருவத்தை இயந்திரமும் நெய்யும்.

மறுபுறமும் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் புகுந்த பின்னர் இலட்சக்கணக்கானோர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாயினர். பெஷாவர்ப் பகுதியில் அவர்களுடைய தறிகள் இயங்கின. டாங்கியும் ஹெலிகாப்டரும் கம்பளங்களில் உருவங்களாயின. ஆப்கானிஸ்தானத்திலேயே நெய்தவற்றுள்ளும் பல, கழுவிச் சமன்செய்யப் பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டு, அந்நாட்டுச் சரக்கெனவே விலைபோயின. முடிச்சிட்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்.

எனவே, வாங்குவோர் 'எங்கே நெய்தது?' என்றும், 'எங்கே கழுவியது?' என்றும் தனித்தனியே கேட்டல் வேண்டும். சங்க அங்கத்தினர்களும் இதைக் கருதுவார்களாக. கடைசி வேலையும் முத்திரையும் யாரிடம் உள்ளனவோ, அவரிடமே சரக்கின் பெயரும் இலாபமும் சென்று சேரும்.