ஈட்டி எறிந்த கை

லயத்து முற்றத்தில கிரிக்கெட் விளையாடுறப்போ பந்து தேயிலைக்குள்ள உருண்டு போயிரும். அதைத் துழாவி எடுத்து, மலைச்சரிவில இருந்து ஒரே வீச்சா மேலே எறிவான் பாருங்க ஒரு பொடியன். அந்தக் கைக்கு அமெரிக்காவில சம்பளம் கிடைக்குமா?

ஒருத்தருக்குக் கிடைச்சுது. ரிங்கு சிங், உத்தரப் பிரதேசத்து லொறி ஓட்டுநர் ஒருவரோட மகன். ஈட்டி எறியிறவர், பேஸ்போல்னா என்னன்னே தெரியாது. 2008இல் வேகமா பந்தெறியிறவங்களைத் தேடி இந்தியாவில ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடந்துச்சு. இடது கையால எறிஞ்சு ஜெயிச்சார். அதே வருஷம் அவரையும், அதே போட்டியில எறிஞ்ச தினேஷ் பட்டேலையும் அமெரிக்காவோட பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்போல் அணி ஒப்பந்தம் பண்ணிச்சு.

ஈட்டின்னா ஓடி வந்து எறியலாம். பேஸ்போலில பந்தெறியிறவர் ஓடி வர முடியாது. சின்ன மண்மேட்டில நின்னு, காலைத் தூக்கி, பந்து நிலத்தில படாம எறியணும். நம்ம கிரிக்கெட் பந்துவீச்சாளர் முரளிதரனே திணறியிருப்பார்!

உச்ச லீக் வரைக்கும் ரிங்கு போகல, கீழ்நிலை லீக்குகளோட சரி. ஆனா இவங்க கதை ‘மில்லியன் டொலர் ஆர்ம்’னு படமாச்சு, இசை ஏ. ஆர். ரஹ்மான். ரிங்கு? பந்தை வச்சிட்டு, வீர் மஹான்ங்கிற பேர்ல மல்யுத்த மேடை ஏறிட்டார்.