ஓலைக்கு வைத்தியம் பார்த்த கண் டாக்டர்!

கரையாம்புத்தூர் பக்கம் உள்ள பாகூரில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல்லூரி இருந்தது! பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் அதற்கு 3 கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. செப்பேடு இதைச் சொல்கிறது.

செப்பேடு இருக்கிறது. அங்கே படித்த ஓலைகள் எங்கே?

ஓலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், ஈரம் கெடுக்கும். மறுபடி எழுதி வைக்காவிட்டால், அதில் உள்ள அறிவும் அதோடு அழிந்துவிடும்.

தேடிப் போனார்கள்

1955-ல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. முதல் தலைவர் ழான் பிலியோசா. இவர் கண் டாக்டர்! வடமொழியும் தமிழும் கற்றவர்.

அரிய நூல்நிலையத்தின் தலைவர், பூட்டுக்குக் காவல் இருந்தால் போதுமா? போதாது. ஓலை தானாக வராது. பண்டிதர் என்.ஆர்.பட் முதலானோர் கோவில்களிலும் குருக்கள் வீடுகளிலும் தேடினார்கள். கொடுத்தவர்களிடம் வாங்கினார்கள். கொடுக்க மனம் இல்லாதவர்களிடம் இரவல் கேட்டு, காகிதத்தில் நகல் எழுதினார்கள்.

பிறகும் வேலை உண்டு. தூசு தட்ட வேண்டும். தைலம் தடவ வேண்டும். படித்து, பட்டியல் எழுதி, அச்சில் ஏற்ற வேண்டும்.

உலகப் புகழ்

பலன் என்ன? புதுச்சேரியில் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ சபை 2005-ல் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

உங்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு இருக்கிறதா? ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். அடுப்பிலும் போடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். உலகில் அந்த ஒரு பிரதிதான் மிச்சமோ, என்னவோ!