நெரிசலில் சிக்கிய கார்: சிறுவர் புதிரும் சிந்தனைப் பயிற்சியும்

கைப்பேசியை எடுத்த பிள்ளைகள் விளையாட்டிலேயே மூழ்கிவிடுகின்றனர் என்னும் குறை பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இன்று பரவலாகக் கேட்கிறது. குறை பொய்யன்று. ஆயினும் கைப்பேசியில் உள்ள விளையாட்டுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில, விரலின் வேகத்தை மட்டும் வேண்டுவன. சில, அறிவின் ஒழுங்கை வேண்டுவன. பின்னைய வகையைச் சார்ந்தது கார் நகர்த்தும் புதிர். வியப்பு என்னவெனில், அறிவை வேண்டும் இப்புதிரையும் அறிவைச் செலுத்தாமலே ஆடி முடிக்க இயலும். எப்பொழுது அது சிந்தனைப் பயிற்சியாகிறது, எப்பொழுது வெறும் விரலசைவாகிறது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம்.

புதிரின் வரலாறு

கட்டங்களுக்குள் துண்டுகளை நகர்த்தும் புதிர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தவை. பதினாறு கட்டமுள்ள பெட்டியில் 15 எண் துண்டுகளை இட்டு, ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, எண்களை வரிசைப்படுத்தும் புதிர் 1880-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் பித்தாகப் பரவியது. 14-உம் 15-உம் மட்டும் இடம் மாறி நிற்கும் அமைப்பை நேராக்க எண்ணற்றோர் முயன்றனர். அஃது எவ்வாற்றானும் இயலாது என்பதை ஜான்சன், ஸ்டோரி என்னும் கணித அறிஞர் இருவர் அமெரிக்கக் கணித இதழின் 1879-ஆம் ஆண்டுத் தொகுதியில் நிறுவிக் காட்டினர். காரணம் அறியாதார் விரல்கள் ஓயாது உழைத்தன. காரணம் அறிந்தவர் துண்டுகளைக் கீழே வைத்துவிட்டனர்.

அம்மரபில் வந்ததே கார் புதிர். இதனை 1970-களில் படைத்தவர் ஜப்பானியப் புதிர் அறிஞர் நொபுயுகி யோஷிகஹாரா (1936–2004). அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு பைனரி ஆர்ட்ஸ் என்னும் நிறுவனம் இதனை ‘ரஷ் அவர்’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. ‘நெரிசல் நேரம்’ என்பது அப்பெயரின் பொருள். பின்னர் இது மின்னணுக் கருவிகளிலும் கைப்பேசியிலும் புகுந்தது. கார்கள் மரக்கட்டைகளாக உருமாறி வேறு பெயர்களில் வருவதும் உண்டு, விதி மாறுவதில்லை.

அவ்விதி எளியது. நெடுக்கில் 6, குறுக்கில் 6 என 36 கட்டங்கள் கொண்ட பலகை. கார் 2 கட்டங்களை அடைக்கும். லாரி 3 கட்டங்களை அடைக்கும். வண்டி எத்திசை நோக்கி நிற்கிறதோ அத்திசையில் முன்னும் பின்னும் மட்டுமே நகரும். திரும்புதல் இல்லை, தாண்டுதல் இல்லை, தூக்கி வைத்தலும் இல்லை. மேலிருந்து மூன்றாம் வரிசையில் செந்நிறக் கார் நிற்கும். அவ்வரிசையின் வலக்கோடியில் உள்ளது வாயில். மற்ற வண்டிகளை நகர்த்தி வழி செய்து, செந்நிறக் காரை வெளியேற்ற வேண்டும். இவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டு

தாளில் 36 கட்டங்களை வரைந்துகொண்டால் இதனை எளிதில் பின்தொடரலாம். குறுக்கு வரிசைகளை மேலிருந்தும், நெடுக்கு வரிசைகளை இடமிருந்தும் எண்ணுக. செந்நிறக் கார் மூன்றாம் குறுக்கு வரிசையில் 2, 3-ஆம் கட்டங்களில் உள்ளது. மஞ்சள் லாரி நான்காம் நெடுக்கு வரிசையில் மேல் மூன்று கட்டங்களை அடைத்துச் செந்நிறக் காரின் முன் நிற்கிறது. நீல லாரி மூன்றாம் நெடுக்கு வரிசையிலும், பச்சை லாரி ஆறாம் நெடுக்கு வரிசையிலும் கீழ் மூன்று கட்டங்களில் நிற்கின்றன. அடிவரிசையில், அவ்விரண்டுக்கும் நடுவே 4, 5-ஆம் கட்டங்களில் வெள்ளைக் கார் படுத்திருக்கிறது. ஆக வண்டிகள் ஐந்தே.

இதனைக் கண்ட சிறுவன் முதலில் என் செய்வான்? பச்சை லாரியை ஒரு கட்டம் மேலே தள்ளுவான். வெள்ளைக் காருக்கு வலப்பக்கம் இடம் கிடைக்கும்; அதனை ஒதுக்குவான். மஞ்சள் லாரி தடையின்றிக் கீழே இறங்கும். செந்நிறக் கார் வலப்பக்கம் ஓடும். வாயிலுக்கு ஒரு கட்டமே எஞ்சியிருக்கும். ஆனால் அந்த ஒரு கட்டத்தில் பச்சை லாரியின் தலை நிற்கும். அது கீழே இறங்க வெள்ளைக் கார் விடாது. வெள்ளைக் கார் விலக மஞ்சள் லாரி விடாது. வாயிலை நெருங்கிய அளவே வழி தப்பிய அளவும் ஆயிற்று.

சரியான வழி, செந்நிறக் கார் வாயிலை விட்டு விலகிப் பின்னே ஒரு கட்டம் செல்வதில் தொடங்குகிறது. அடுத்து நீல லாரி ஒரு கட்டம் மேலே ஏற வேண்டும். வெள்ளைக் கார் இடக்கோடி வரை செல்ல வேண்டும். நீல லாரி தன் பழைய இடத்துக்கே இறங்க வேண்டும். மஞ்சள் லாரி அடிவரை இறங்க வேண்டும். செந்நிறக் கார் வெளியேறும். ஒரு வண்டியை எத்தனை கட்டம் தள்ளினும் ஒரு நகர்வே எனக் கொண்டால், 6 நகர்வுகளில் புதிர் முடிகிறது. நீல லாரி தொடக்கத்தில் நின்ற இடத்திலேதான் முடிவிலும் நிற்கிறது. ஆயினும் அது நகராதிருந்தால் எதுவும் நடந்திராது.

பின்னிருந்து எண்ணுதல்

இவ்வழியைக் கண்டறிவது எவ்வாறு? முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி எண்ணுவதால்தான். செந்நிறக் காரைத் தடுப்பது யாது? மஞ்சள் லாரி. மூன்று கட்ட நீளமுள்ள லாரி ஆறு கட்ட நெடுக்கில் எங்கெங்கு நிற்கலாம்? 1 முதல் 3 வரை, 2 முதல் 4 வரை, 3 முதல் 5 வரை, 4 முதல் 6 வரை. முதல் மூன்று நிலைகளிலும் மூன்றாம் வரிசை அடைபடும். ஆகவே அது அடிக்கு இறங்கியே ஆக வேண்டும். பச்சை லாரிக்கும் நீல லாரிக்கும் இதே நியாயம் பொருந்தும். லாரிகள் மூன்றும் முடிவில் அடியிலேயே இருக்க வேண்டுமாயின், அடிவரிசையில் 3, 4, 6-ஆம் கட்டங்கள் அவற்றுக்கே உரியவை. வெள்ளைக் கார் தங்க இடக்கோடியில் உள்ள இரு கட்டங்களைத் தவிர வேறு இடமில்லை. இவ்வளவும் ஒரு வண்டியையும் தொடுமுன்னரே தெளிவாகிவிடுகிறது. சிறுவன் தொடங்கிய வழி ஏன் தவறு என்பதும் உடன் விளங்குகிறது.

கணித அறிஞர் ஜார்ஜ் போலியா, சிக்கல்களைத் தீர்க்கும் முறை பற்றி 1945-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பின்னிருந்து எண்ணும் இம்முறையைத் தனியே எடுத்து விளக்கினார். சிக்கலை விளங்கிக்கொள்ளுதல், திட்டம் வகுத்தல், திட்டத்தை நிறைவேற்றுதல், செய்ததைத் திரும்ப நோக்குதல் என்னும் அவருடைய நான்கு படிகளும் இச்சிறு பலகையில் அமைந்து கிடக்கின்றன.

பொறி காணும் விடை

மின்னணு விளையாட்டில் பலவும் ‘குறிப்பு’ வழங்கும் பொத்தானையும், செய்ததை மீட்கும் பொத்தானையும் வைத்துள்ளன. குறிப்பு எங்கிருந்து வருகிறது? கணினி இத்தகைய புதிரைத் தீர்க்கும் வழி பொதுவாக இது: தொடக்க நிலையிலிருந்து ஒரே நகர்வில் அடையக்கூடிய நிலைகளை எல்லாம் அது பட்டியலிடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதல் நகர்வு 6 வகையாக அமையலாம். அவை ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்த நகர்வில் அடையக்கூடியவற்றைப் பட்டியலிடும். முன் வந்த நிலை மீண்டும் வந்தால் தள்ளிவிடும். இவ்வாறு அடுக்கடுக்காய்ச் சென்று, செந்நிறக் கார் வெளியேறும் நிலை முதன்முதல் தோன்றும் அடுக்கில் நின்றுவிடும். அதுவே மிகக் குறைந்த நகர்வுள்ள விடை. 36 கட்டப் பலகைக்கு இவ்வேலை நொடிப்பொழுதில் முடியும். பலகையை விருப்பம்போல் பெரிதாக்கினாலோ நிலை வேறு. பெரிதாக்கப்பட்ட புதிர், விரைவில் தீர்க்கும் பொது வழி உண்டென எதிர்பார்க்கவியலாத கடினமான சிக்கல்களின் வகுப்பைச் சேர்ந்தது என்பதை 2002-ஆம் ஆண்டு ஃபிளேக், பாம் என்னும் இருவர் நிறுவினர்.

பொறியின் குறிப்பு ‘எது’ என்று சொல்லுமேயன்றி ‘ஏன்’ என்று சொல்லாது என்பது இதனால் பெறப்படும். நீல லாரியை மேலே தள்ளு என்று அது காட்டும், மாணவன் தள்ளுவான், கார் வெளியேறும், மணி ஒலிக்கும். அடுத்த புதிரில் அவன் பழைய நிலையிலேயே நிற்பான். மீட்கும் பொத்தானும் அத்தகையதே. தவற்றுக்கு விலையில்லாதபோது முன்யோசனைக்கு மதிப்பில்லை.

சொல்லும் சிந்தனையும்

தமிழாசிரியர் கையில் இப்புதிருக்கு இன்னொரு பயனும் உண்டு. புதிரை முடித்த மாணவனை அதனைச் சொல்லச் சொன்னால், ‘கார் பின்னே நகர்ந்து, லாரி மேலே ஏறி, வெள்ளைக் கார் ஒதுங்கி’ என்று அடுக்குவான். புதிரைத் தொடுமுன் சொல்லச் சொன்னால் அவ்வாக்கியம் உதவாது. ‘செந்நிறக் கார் வெளியேற வேண்டுமாயின் மஞ்சள் லாரி இறங்க வேண்டும், அஃது இறங்க வேண்டுமாயின் வெள்ளைக் கார் விலக வேண்டும்’ என்றே தொடங்க வேண்டும். முன்னது ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். பின்னது ‘செயின்’ என்னும் வாய்பாட்டைச் சார்ந்தது. நன்னூல் முன்னதை இறந்த காலத்துக்கும் பின்னதை எதிர்காலத்துக்கும் உரியதாக வகுத்திருக்கிறது. இலக்கண வகுப்பில் வாய்பாடாக மட்டும் மனனம் செய்யப்படும் இவ்வேறுபாடு, இங்கே கண்முன் நிற்கிறது. நடந்ததைக் கூறுவது ஒன்று. நடக்க வேண்டியதை ஆராய்வது மற்றொன்று. இரண்டாவதைத் தாய்மொழியில் தடையின்றிச் சொல்லத் தெரிந்த மாணவன், கணக்கிலும் கட்டுரையிலும் காரணம் காட்டத் தயங்கமாட்டான்.

இதற்குக் கருவி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கெட்டி அட்டையில் 36 கட்டங்களை வரைந்து, வண்ணத்தாள் ஒட்டிய துண்டுகளை வெட்டிக்கொண்டால் போதும். மாணவரை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவன் சொல்ல மற்றவன் நகர்த்தும்படி செய்யலாம். சொல்பவன் துண்டைத் தொடலாகாது. நகர்த்துபவன் காரணம் கேளாமல் நகர்த்தலாகாது. கைப்பேசியில் ஆடினும் இம்முறை பொருந்தும். வீட்டில் தாயோ தந்தையோ அருகிலிருந்து, ‘அந்த லாரியை ஏன் நகர்த்தினாய்?’ என்று ஒரு கேள்வி கேட்பின் அதுவே போதும். அக்கேள்விக்குக் கல்விப் பட்டம் வேண்டுவதில்லை.

பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவதால் சிந்தனை பிறந்துவிடாது. கருவியைக் கொடுத்துவிட்டு அகல்வதாலும் பிறக்காது. பொறி நகர்வுகளை எண்ணும். காரணத்தைக் கேட்க அதற்குத் தெரியாது. அதனைக் கேட்பது ஆசிரியர் கடன்.