பெரிய சக்கர சைக்கிள்

இதில் செயின் இல்லை. பெடல் முன்சக்கர அச்சிலேயே இருப்பதால் ஒரு மிதிக்கு ஒரே சுற்றுதான். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். அதற்கும் ஓட்டுபவரின் கால் நீளமே எல்லை. 50 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 4 மீட்டர் போகும்.

ஏறுவது தனி வித்தை. பின்னாலுள்ள சிறு படியில் ஒரு கால் வைத்து, மறுகாலால் தரையை உந்தி, வண்டி உருண்டதும் சீட்டுக்குத் தாவ வேண்டும். சக்கரத்தில் கல் தடுக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார்.

இந்த ரகத்தில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். 1886இல் லாகூர் முதல் கல்கத்தா வரை மிதித்தார். தெற்குப் பக்கம் வரவில்லை, நமக்குக் குறைதான். அதற்குள் இங்கிலாந்தில் செயின் பூட்டிய ரோவர் சைக்கிள் வந்துவிட்டது. வாசலில் நீங்கள் நிறுத்தியிருப்பது அதன் வாரிசு.