சிறைக்குள் ஒலித்த குரல்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் ஒலிப்பதிவு வாழ்க்கை அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைவு. ஆர்கன்சா மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1932-இல் பிறந்த அவர், 1955-இல் மெம்ஃபிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அப்போது அவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. அதை ஈடுகட்ட, 1956-இல் வந்த ‘ஐ வாக் த லைன்’ பாடலில் கிதார் கம்பிகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி வாசித்தார். தாளக்கருவி போன்ற சரசரப்பு அதிலிருந்து பிறந்தது. பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

1958-இல் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார். போதை மாத்திரைப் பழக்கத்தால் தளர்ந்திருந்த அவரைத் தூக்கி நிறுத்தியது, 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் பதிவான ஆல்பம். கைதிகளின் ஆரவாரமும் சிறை அறிவிப்புகளும் அதில் கேட்கின்றன.

1980-களில் விற்பனை சரியவே, கொலம்பியா அவரைக் கைவிட்டது. தயாரிப்பாளர் ரிக் ரூபின், கேஷின் குரலையும் ஒற்றை கிதாரையும் மட்டும் நம்பி 1994-இல் ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ ஆல்பத்தை உருவாக்கினார். அது கிராமி விருது பெற்றது. பார்வை மங்கி உடல் நலிந்த பின்னும், 2003 செப்டம்பர் 12 அன்று மறைவதற்குச் சில வாரங்கள் முன்புவரை கேஷ் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தார்.